திரையில் ஒரு தாத்தா, தெருவில் ஒரு தாத்தா!

ஜப்பான் என்றதும் நம் நண்பர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? புல்லட் ரயில், ரோபோ, கராத்தே, அப்புறம் நாலைந்து கார் கம்பெனிகளின் பெயர்கள்... இப்போது இந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. வயதானவர்கள்! ஜப்பானைப் பற்றி எந்த டி.வி. நிகழ்ச்சியைப் போட்டாலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ தலைகாட்டாமல் இருப்பதில்லை. ஒன்று, எண்பது வயதில் மலை ஏறுகிறார். இல்லையென்றால், யாருமில்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒருவரும் கிடையாதா?

இந்த விஷயத்தில் நாங்களே ஒரு முறை ஏமாந்திருக்கிறோம். அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஐந்தாவது செமஸ்டரில் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி நாங்கள் நாலு பேர் அலைந்துகொண்டிருந்தோம். அப்போது ஒருத்தன் ஒரு படம் கொண்டுவந்து காட்டினான். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லம். ஒரு பாட்டி வெள்ளை வெளேரென்ற கடல்நாய்க் குட்டி ரோபோவை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கிறார். “கிடைச்சிடுச்சுடா தலைப்பு!” என்று குதித்தோம். முதியோருக்கு உதவும் ரோபோ! இரண்டு நாளில் பிளாக் டயகிராம் தயார். ஒர்க்‌ஷாப்பில் லேத் பக்கம் நிற்கும் அண்ணனிடம் பெருமையாகக் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “தம்பி, இதைப் பத்தி வயசானவங்க யாரையாவது கேட்டீங்களா?”

நாங்கள் முழித்தோம். யாரையும் கேட்கவில்லை. படத்தைத்தான் பார்த்தோம். அந்த வெட்கத்தில்தான், இந்தப் படங்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன, ஜப்பானியர்களே தங்கள் முதியவர்களை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் கொஞ்சம் உங்களுக்கும்.

முதலில் கணக்கு

1950ல் ஜப்பானில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. 1970ல் 7 பேர். 1994ல் 14 பேர். 2025ல் 29 பேர்! தலையை எண்ணினால் சுமார் 3 கோடியே 60 லட்சம். 7 பேர் என்பது 14 பேராக பிரான்சுக்கு 115 வருடம் பிடித்தது. ஜப்பானுக்கு 24 வருடம்தான். ஒரு ஆள் படித்து முடித்து வேலைக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்கிற காலத்துக்குள் நாட்டின் முகமே மாறிப்போச்சு.

இன்னொரு கணக்கு. நூறு வயதை எட்டுகிறவர்களுக்கு ஜப்பான் அரசாங்கம் ஒரு வெள்ளிக் கிண்ணம் பரிசு கொடுக்கும். இதை 1963ல் ஆரம்பித்தபோது நாடு முழுக்க நூறு வயதுக்காரர்கள் 153 பேர். 1998ல் பத்தாயிரத்தைத் தாண்டினார்கள். 2025 செப்டம்பரில் 99,763 பேர். அதில் நூற்றுக்கு 88 பேர் பெண்கள். கிண்ணம் என்னாச்சு என்கிறீர்களா? செலவு தாங்காமல் 2016லிருந்து சுத்த வெள்ளிக்குப் பதில் வெள்ளி முலாம் பூசிய கிண்ணம் கொடுக்கிறார்கள்! நம்ம எலக்ட்ரோபிளேட்டிங் அங்கே கைகொடுத்திருக்கிறது.

மலையில் விடப்பட்ட தாய்

ஜப்பானில் ஒரு பழங்கதை உண்டு. வயதான தாயை மகன் முதுகில் சுமந்துகொண்டுபோய் மலையில் விட்டுவிட்டு வர வேண்டும் என்பது ஊர்க் கட்டளை. ஷிசிரோ ஃபுகாஸாவா என்ற எழுத்தாளர் 1956ல் இதை வைத்து ‘நரயாமா’ கதையை எழுதினார். 1958ல் கெய்சுகே கினோஷிடா அதைப் படமாக்கினார். 1983ல் ஷோஹெய் இமாமுரா மறுபடியும் எடுத்து, கான் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கப் பனையோலையை வாங்கினார்.

கதையில் வரும் ஓரின் பாட்டிக்கு 69 வயது. சாப்பாட்டுக்குத் திண்டாடுகிற மலைக் கிராமம். 70 ஆனால் மலைக்குப் போயாக வேண்டும். பாட்டியோ திடகாத்திரம். பல் ஒன்றுகூட விழவில்லை. இந்த வயதில் இவ்வளவு பல்லா என்று ஊர் கேலி செய்வதால், தன் பல்லைத் தானே கல்லில் மோதி உடைத்துக்கொள்கிறார். படிக்கும்போதே வாய் கூசுகிறது, இல்லையா?

இந்தப் படத்தைப் பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் பலர், ஜப்பானில் நிஜமாகவே இப்படி ஒரு வழக்கம் இருந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு வழக்கம் நடைமுறையில் இருந்ததற்கு உறுதியான சரித்திர ஆதாரம் கிடையாது. ஆனால் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நாகானோ மாவட்டத்தில் ‘ஒபாஸுதே’ என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. ‘கிழவியை விட்ட இடம்’ என்று அர்த்தம். செங்குத்தான சரிவு என்பதால் ரயில் முன்னும் பின்னுமாகப் போய் ஏறும் ஸ்விட்ச்பேக் நிலையம் அது.

இந்தப் பழங்கதைக்கு இன்னொரு முடிவும் உண்டு. அதுதான் எனக்குப் பிடித்தது. மகன் மனம் கேட்காமல் தாயைத் திரும்பக் கொண்டுவந்து வீட்டுக்குள் ஒளித்துவைக்கிறான். அப்போது ஊருக்கு ஒரு சோதனை வருகிறது. சாம்பலால் ஒரு கயிறு திரித்துக் கொடுக்க வேண்டும்! இளவட்டங்கள் எல்லாம் கையைப் பிசைகிறார்கள். கிழவி சொல்கிறார்: “கயித்தை இறுக்கித் திரி. உப்புத் தண்ணியில ஊறவச்சுக் காயவை. அப்புறம் கொளுத்து.” எரிந்து முடிந்ததும் சாம்பல் கயிறு வடிவத்திலேயே நிற்கிறது. அடுத்தது, வளைந்து வளைந்து போகும் துளைக்குள் நூல் கோர்க்க வேண்டும். எறும்பின் இடுப்பில் நூலைக் கட்டு, மறுமுனையில் தேன் தடவு என்கிறார் கிழவி. விஷயம் தெரிந்ததும் அரசன் அந்தக் கட்டளையையே ரத்து செய்துவிடுகிறான். குழந்தைகளுக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த முடிவுதான். பரிசு வாங்கியது அந்த முடிவு!

டோக்கியோவுக்கு வந்த அப்பா அம்மா

யாசுஜிரோ ஓஸு 1953ல் எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’ படத்தில் மலையும் இல்லை, கட்டளையும் இல்லை. ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான தம்பதி டோக்கியோவிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். மகன் டாக்டர், மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். இரண்டு பேருக்கும் நேரமில்லை. அப்பா அம்மாவை அதாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அங்கேயோ ராத்திரி முழுக்க ஆட்டம் பாட்டம், தூக்கமில்லை. போரில் இறந்துபோன இன்னொரு மகனின் மனைவி நோரிகோதான் ஒரு நாள் லீவு போட்டு அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். ஊர் திரும்பியதும் அம்மா இறந்துபோகிறாள். ஈமச் சடங்கு முடிந்த சூட்டோடு, மகள் அம்மாவின் உடுப்புகளில் இன்னின்னது வேண்டும் என்று கேட்கிறாள்.

இதில் வில்லன் யார்? ஒருத்தரும் இல்லை. பிள்ளைகள் கெட்டவர்களாக இல்லை. வேலை, கடை, குழந்தை என்று ஓடுகிறார்கள். அப்பாவும் அம்மாவும் அழுது புலம்புவதில்லை, நம்ம பிள்ளைகள் பரவாயில்லை என்று தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். நம்ம ஊர்ப் படமாக இருந்தால் இடைவேளைக்குள் நாலு பாட்டில் கண்ணீர் வந்திருக்கும்! உலகப் படங்களில் சிறந்தவற்றை இயக்குநர்களிடம் கேட்டு ஒரு பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை 2012ல் எடுத்த வாக்கெடுப்பில் இந்தப் படம் முதலிடம் பிடித்தது.

இன்னொரு சங்கதி. அந்த 70 வயது அப்பாவாக நடித்த சிஷூ ரியூவுக்கு அப்போது 49 வயதுதான். முந்தைய வருடம், 1952ல், அகிரா குரோசாவாவின் ‘இகிரு’ படத்தில் புற்றுநோயோடு சாவை எதிர்பார்த்திருக்கும் நகராட்சி அதிகாரியாக வந்த தகாஷி ஷிமுராவுக்கு 50கூட ஆகவில்லை.

54 வயதில் கிழவர்!

‘சஸாயே-சான்’ என்று ஒரு கார்ட்டூன். மச்சிகோ ஹஸெகாவா என்ற பெண் 1946ல் பத்திரிகையில் வரைய ஆரம்பித்தது. 1969 அக்டோபரில் டி.வி.க்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம்தோறும் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிக காலம் ஓடும் அனிமேஷன் தொடர் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறிவிட்டது. அதில் வரும் தாத்தாதான் நமிஹெய். உச்சந்தலையில் ஒரே ஒரு முடி, மூக்குக் கண்ணாடி, வீட்டில் கிமோனோ, பேரனோடு கொஞ்சல்... என்ன வயது இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 54!

கிண்டல் இல்லை. அந்தக் கதை பிறந்த காலத்தில் ஜப்பானியக் கம்பெனிகளில் ஓய்வு வயது 55. அப்போது 54 வயதுக்காரர் ஓய்வை எட்டிப்பார்க்கும் பெரியவர்தான். பிறகு ஓய்வு வயது 60 ஆனது. ஆயுள் கூடிக்கொண்டே போய், 2024 கணக்குப்படி பெண்களுக்கு 87, ஆண்களுக்கு 81. நமிஹெய்க்கு மட்டும் வயது ஏறவே இல்லை. அதே ஒற்றை முடி, அதே 54! டி.வி. பார்க்கும் 54 வயது ஜப்பானியர் காலையில் ஓடிவிட்டு ஆபீஸ் போய் வந்தவராக இருப்பார். பெட்டிக்குள் இருப்பதோ பாட்டன் காலத்துக் கிழவர். ஃபவுண்டரியில் நமக்குத் தெரியுமே... மரத்தில் பேட்டர்ன் ஒன்று செய்துவிட்டால் எத்தனை வார்த்தாலும் அதே உருவம்தான் வரும். உலோகம் மாறினாலும் பேட்டர்னை யாரும் மாற்றுவதில்லை.

‘சிபி மருகோ-சான்’ கதையையும் சொல்லியாக வேண்டும். மொமோகோ சகுரா தன் சின்ன வயசு வாழ்க்கையை வைத்து 1986ல் வரைய ஆரம்பித்த காமிக்ஸ். 1990ல் டி.வி.க்கு வந்தது. அதில் பேத்திக்காக உயிரையே விடும் டொமோஸோ தாத்தாவைப் பிடிக்காத ஜப்பானியக் குழந்தை கிடையாது. சகுராவே பிறகு ஒரு கட்டுரையில் உண்மையைப் போட்டு உடைத்தார். அவருடைய நிஜத் தாத்தா அன்பானவரே இல்லையாம்! சிடுமூஞ்சி. தனக்கு எப்படி ஒரு தாத்தா கிடைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாரோ, அப்படி ஒருவரை வரைந்துகொண்டாராம்.

மருமகளின் ராத்திரிகள்

1972ல் சவாகோ அரியோஷி எழுதிய ஒரு நாவல் அந்த வருடமே பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. மறு வருடம் படமாகவும் வந்தது. கதை ரொம்பச் சாதாரணம். மாமியார் திடீரென்று இறந்துபோகிறார். அப்போதுதான் மாமனாருக்கு நினைவு தப்பிக்கொண்டிருப்பது வீட்டுக்குத் தெரிகிறது. பெற்ற மகனையே அடையாளம் தெரியவில்லை. ராத்திரி எழுந்து தெருவில் ஓடுகிறார். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் மருமகள் அகிகோதான் எழுந்து தேட வேண்டும், துடைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும். மகன்? நாளைக்கு நமக்கும் இதுதானோ என்ற பயத்தில் ஒதுங்கிக்கொள்கிறான்.

அதுவரை இது ‘வீட்டு விஷயம்’. வெளியே சொன்னால் மானக்கேடு. இந்தக் கதை வந்த பிறகு நாடே பேச ஆரம்பித்தது. பராமரிப்பை மருமகள் தலையிலேயே கட்டிவிட முடியாது, சமுதாயம் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு மெதுவாக வளர்ந்து, 2000 ஏப்ரலில் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. நாற்பது வயதானவர்கள் எல்லோரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். எல்லாம் ஒரு நாவலால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உள்ளதை உள்ளபடி காட்டினால் ஊர் காதில் விழும் என்பதற்கு இது ஒரு சாட்சி. கூடவே ஒரு கெடுதலும் வந்தது. நாவலின் தலைப்பில் இருந்த ‘கோகோத்ஸு’ என்ற சொல் நினைவு தப்பிய கிழவர்களைக் கேலி செய்யும் சொல்லாகிப்போச்சு.

பெயரில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது! 1973 செப்டம்பர் 15ல், அப்போதைய முதியோர் தினத்தன்று, ஜப்பானிய தேசிய ரயில்வே வயதானவர்களுக்கென்று தனி இருக்கைகள் வைத்தது. எல்லா இருக்கைகளிலிருந்தும் வேறாகத் தெரிய என்ன செய்யலாம் என்று பார்த்தபோது, புல்லட் ரயில் இருக்கைக்கான வெள்ளிச் சாம்பல் நிறத் துணி கையிருப்பில் இருந்தது. அதைப் போர்த்தினார்கள். பெயர் ‘சில்வர் சீட்’. அவ்வளவுதான்... முதுமை என்றாலே ‘சில்வர்’ என்று ஆகிவிட்டது. நரைத்த தலைக்காக வந்த பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். வந்தது ஸ்டோர் ரூமிலிருந்து!

1997ல் வயதான டிரைவர்கள் காரில் ஒட்டிக்கொள்ள ஒரு அடையாளம் வந்தது. ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த இலை. அரசாங்கம் அதை இலையுதிர்கால அழகு என்றது. ஒட்ட வேண்டியவர்களோ, “இது உதிர்ந்த சருகு இல்லையா?” என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு, 2011ல் நாலு இதழ்க் கொழுந்து போல ஒரு புது அடையாளம் வந்தது. 2008ல் 75 வயது தாண்டியவர்களுக்குத் தனி மருத்துவத் திட்டம் கொண்டுவந்து, ‘பிற்கட்ட முதியோர்’ என்று பெயர் வைத்தார்கள். கடைசிக் கட்டத்தில் நிற்கிறோம் என்று சொல்லிக் காட்டுகிறீர்களா என்று கிளம்பிய கோபத்தில், ‘நீண்ட ஆயுள் திட்டம்’ என்று அவசர அவசரமாக இன்னொரு பெயரையும் ஒட்டினார்கள். நினைவு தப்பும் நோய்க்கு இருந்த பழைய பெயரின் எழுத்துகளுக்கே ‘மூடன், மந்தம்’ என்று பொருள். 2004ல் அதை மாற்றி ‘அறிதிறன் நோய்’ என்ற பொருளில் ‘நின்சிஷோ’ என்று ஆக்கினார்கள். யார் என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதற்கு இவ்வளவு பேர் சண்டை போட்டிருக்கிறார்கள் என்றால், சும்மாவா?

செய்தியில் வரும் கிழவர்

1992ல் நகோயாவைச் சேர்ந்த இரட்டைச் சகோதரிகள் கின்-சானும் கின்-சானும்... மன்னிக்கவும், ஒருவர் ‘கின்’, தங்கம்; மற்றவர் பெயருக்கு வெள்ளி என்று பொருள்! தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல ஆகிவிடுகிறது, அதனால் தங்கப் பாட்டி, வெள்ளிப் பாட்டி என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் நூறு வயது நிரம்பிய நேரம் அது. விளம்பரம், பாட்டு கேசட், டி.வி. பேட்டி என்று நாட்டின் செல்லப் பாட்டிகளாகிவிட்டார்கள். சம்பாதித்த பணத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, வயதான காலத்துக்குச் சேர்த்துவைக்கப் போகிறோம் என்று சொன்னது இன்றைக்கும் பேசப்படும் ஜோக். தங்கம் 2000த்தில் 107 வயதிலும், வெள்ளி 2001ல் 108 வயதிலும் காலமானார்கள்.

2010ல் காற்று அப்படியே திரும்பியது. டோக்கியோவில் 111 வயது என்று வாழ்த்தப் போன முதியவர், முப்பது வருடங்களுக்கு முன்பே இறந்துபோய்ப் படுக்கையிலேயே கிடந்தார். குடும்பம் ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டிருந்தது. நாடே ஆடிப்போய்ப் பதிவேடுகளைத் தேடினால், நூறு வயது தாண்டியும் இருக்குமிடம் தெரியாதவர்கள் சுமார் 2 லட்சத்து 34 ஆயிரம் பேர்! 200 வயது ஆனவர்கூடப் பதிவேட்டில் ‘உயிரோடு’ இருந்தார். ‘பெற்றோரைத் தொலைத்த தேசம்’ என்கிற மாதிரி உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி.

நிதானமாகப் பாருங்கள். அது குடும்பப் பதிவேடு. போரில் மாண்டவர்கள், வெளிநாடு போய் அங்கேயே இறந்தவர்கள் என்று யாரும் வந்து பெயரை அடிக்கச் சொல்லாத பழைய பக்கங்கள்தான் அதில் பெரும்பகுதி. வெள்ளிக் கிண்ணம் கொடுக்க எண்ணும் கணக்கு வேறு பதிவேட்டிலிருந்து வருகிறது. ஓய்வூதிய மோசடி நிஜம்; சில வீடுகளில் நடந்தது. 2 லட்சம் கிழவர்களைப் பிள்ளைகள் தொலைத்தார்கள் என்பது நிஜமில்லை.

தனிமைச் சாவும் அப்படித்தான். தனியாக வசித்து வீட்டிலேயே இறந்து, போலீசார் கவனத்துக்கு வந்தவர்கள் 2024ல் சுமார் 76,000 பேர். நெஞ்சு கனக்கும் எண்ணிக்கை. நாலில் மூன்று பங்கு 65 தாண்டியவர்கள். அப்படியென்றால் மீதி கால் பங்கு? வேலை பார்க்கிற வயசுக்காரர்கள். அவர்களைப் பற்றி டி.வி.யில் எத்தனை நிகழ்ச்சி பார்த்திருக்கிறோம்?

2019ல் டோக்கியோவில் 87 வயதுக்காரர் ஓட்டிய கார் மோதி ஒரு தாயும் குழந்தையும் இறந்தார்கள். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டார். அந்த வருடம் லைசென்சைத் திருப்பிக் கொடுத்தவர்கள் 6 லட்சம் பேர். பயம் நியாயமானதுதான். எண்பதைத் தாண்டியவர்களின் விபத்து விகிதம் நடுவயதுக்காரர்களைவிட அதிகம். இருபதுக்குக் கீழே உள்ளவர்களின் விகிதமும் அதிகம்தான். அதற்காக ‘இளைஞர் என்ற ஆபத்து’ என்று யாரும் தலைப்புப் போடவில்லை. பஸ் வராத கிராமத்தில் லைசென்சைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்பதைக் கேட்கவும் ஆள் குறைவு. நல்ல விஷயம், தவறான மிதியால் வண்டி பாயாமல் தடுக்கும் கருவியைப் புதிய ஆட்டோமேட்டிக் கார்களில் 2028 செப்டம்பர் முதல் கட்டாயமாக்கப் போகிறார்கள். ஆளைத் திட்டுவதைவிட மிதியைத் திருத்துவது மேல்!

வெளிநாட்டுக் கேமரா

வெளியாருக்கு ஜப்பானியக் கிழவர் என்றால் 1984ல் வந்த ‘கராத்தே கிட்’ படத்து மியாகி மாதிரி இருக்க வேண்டும். ஞானி, குறும்பு, உடைந்த ஆங்கிலம். அந்த வேடத்தில் நடித்த பாட் மொரிடா கலிஃபோர்னியாவில் பிறந்தவர். ஆங்கிலம்தான் அவர் தாய்மொழி மாதிரி. அந்த உச்சரிப்பு படத்துக்காகப் போட்டுக்கொண்டது!

ஒகினாவா தீவு இன்னொரு கேஸ். நீண்ட ஆயுளின் ரகசியம் அங்கே இருக்கிறது என்று எத்தனை புத்தகங்கள்! 2016ல் இரண்டு பேர் எழுதிய ‘இகிகாய்’ தமிழிலும் வந்திருக்கிறது. ஒகினாவாவின் முதியவர்கள் நெடுங்காலம் வாழ்ந்தது உண்மைதான். ஆனால் மாவட்டவாரி ஆயுள் பட்டியலில் ஒகினாவா ஆண்கள் 2000த்திலேயே 26வது இடத்துக்கு இறங்கிவிட்டார்கள். 2020 கணக்கில் 43வது இடம். மொத்தமே 47 மாவட்டம்! புத்தகம் மட்டும் விற்றுக்கொண்டே இருக்கிறது.

சரி, எங்களைக் கவிழ்த்த கடல்நாய்க்கு வருவோம். அதன் பெயர் பாரோ. 1993ல் ஆய்வு தொடங்கி 2005ல் விற்பனைக்கு வந்தது. எடை சுமார் 2.7 கிலோ, கைக்குழந்தை கனம். தொட்டால், கூப்பிட்டால் உணரும். நாய், பூனை என்று செய்தால் நிஜத்தோடு ஒப்பிட்டு மனிதர்கள் ஏமாந்துபோவார்கள், கடல்நாயை யாரும் வளர்த்ததில்லை என்பதால் ஏற்றுக்கொள்வார்கள் என்று யோசித்து வடிவமைத்தார்கள். நினைவு தப்பியவர்கள் சிலருக்கு அது நிஜமாகவே ஆறுதல் தருகிறது. கருவியைக் குறை சொல்ல வழியில்லை. படம் சொல்லும் கதைதான் தப்பு. ஜப்பானில் கிழவர்களை ரோபோ பார்த்துக்கொள்கிறது என்று நாம் புரிந்துகொள்கிறோம். நிஜத்தில் தூக்குவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் மனிதக் கைகள்தான். ஆள் போதாமல் 2008 முதல் இந்தோனேசியா, பிறகு பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று வெளியிலிருந்து வரவழைக்கிறார்கள். ஒரு இல்லத்திலேயே தங்கிக் கவனித்த ஜேம்ஸ் ரைட் என்ற ஆய்வாளர் 2023ல் ஒரு நூல் வெளியிட்டார். ரோபோ வந்ததால் ஊழியர்களுக்கு வேலை குறையவில்லை. ரோபோவை நகர்த்த, துடைக்க, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள என்று கூடுதல் வேலைதான் வந்தது என்கிறார்.

மறுபடியும் மலை

2022ல் சியே ஹயகாவா என்ற பெண் இயக்குநரின் ‘பிளான் 75’ படம் கான் விழாவில் சிறப்புப் பாராட்டைப் பெற்றது. 75 வயது ஆனவர்கள் விரும்பினால் வலியில்லாமல் செத்துப்போக அரசாங்கமே ஏற்பாடு செய்துகொடுக்கும் ஒரு கற்பனை ஜப்பான். சிரித்த முகத்தோடு பாரம் கொடுக்கிறார்கள். கைச்செலவுக்கு ஒரு லட்சம் யென். கதாநாயகி மிச்சிக்கு 78 வயது, ஓட்டலில் அறை சுத்தம் செய்பவர். வேலை போகிறது, வயசானவர் என்று வாடகைக்கு வீடும் கிடைக்கவில்லை, கையெழுத்துப் போடுகிறார். நடித்த சியேகோ பைஷோவுக்கு அப்போது நிஜமாகவே எண்பதை ஒட்டிய வயது. 49 வயதுக்காரரை வைத்துக் கிழவர் வேஷம் போட்ட காலம் போய்விட்டது!

மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றில் 2016ல் 19 பேரை ஒருவன் கொன்றான். உழைக்க முடியாதவர்கள் வாழத் தேவையில்லை என்பது அவன் வாதம். அந்த எண்ணம் நாட்டில் பரவுகிறதோ என்ற கோபத்தில்தான் படம் எடுத்ததாக ஹயகாவா சொல்லியிருக்கிறார். நரயாமாவில் மகனின் முதுகு. இங்கே ஒரு பாரம். ஓரின் பாட்டி பல்லை உடைத்துக்கொண்டதும் மிச்சி கையெழுத்துப் போட்டதும் ஒரே காரணத்துக்குத்தான். ‘நான் அடுத்தவருக்குப் பாரம்’ என்று ஊர் அவர்களை நம்பவைத்துவிட்டது. ஊருக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதில் பத்திரிகைக்கும் டி.வி.க்கும் பங்கில்லையா?

படத்தில் வராதவர்கள்

ஜப்பானில் 65 தாண்டியவர்களில் பராமரிப்போ உதவியோ தேவை என்று சான்று பெற்றவர்கள் ஐந்தில் ஒருவர்தான். மீதி நாலு பேர்? தன் பாட்டுக்குச் சமைத்து, கடைக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டு, சமாதானமாகி வாழ்கிறார்கள். நாலில் ஒருவர் வேலைக்கே போகிறார். இவர்களைப் படம் எடுத்தால் யார் பார்ப்பார்கள்? அதனால் மலை ஏறுகிறவரும் தனியாகச் செத்தவரும் மட்டுமே திரைக்கு வருகிறார்கள். 2013ல் 80 வயதில் எவரெஸ்ட் ஏறிய யூயிச்சிரோ மியூரா பெரிய சாதனையாளர்தான். ஆனால் முட்டிவலியோடு மாடிப்படி ஏறும் 80 வயதுக்காரருக்கு அவர் படத்தால் என்ன லாபம்?

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். மசாகோ வகமியா, 1935ல் பிறந்தவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெறும் வயதில்தான் கம்ப்யூட்டர் வாங்கினார். செல்போன் விளையாட்டுகளில் எல்லாம் சின்னப் பசங்களே ஜெயிக்கிறார்கள், எங்களுக்கென்று ஒன்று செய்து தாருங்கள் என்று இளைஞர்களைக் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. தானே புரோகிராமிங் படித்து, 2017ல், 81 வயதில், பொம்மைகளைக் கொலுவரிசையில் அடுக்கும் ஒரு விளையாட்டை உருவாக்கினார். ஆப்பிள் கம்பெனி தன் மாநாட்டுக்கே கூப்பிட்டது. ‘அதிசயப் பாட்டி’ என்று பத்திரிகைகள் எழுதின. பேட்டர்ன் அதேதான்! அந்த விளையாட்டில் அவர் என்ன செய்திருந்தார் என்பது நமக்கு முக்கியம். விரலை இழுக்கிற வேலையே கிடையாது, தட்டினால் போதும். வயதானவர்களின் விரல் காய்ந்திருக்கும், இழுத்தால் திரை கேட்காது என்று அவருக்குத் தெரியும். எந்த இளம் இன்ஜினீயருக்கும் தோன்றாத விஷயம்.

எங்கள் புராஜெக்ட் என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? ரோபோவைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஹாஸ்டலுக்குப் பின்தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியிடம் போய், “உங்களுக்கு என்ன பாட்டி கஷ்டம்?” என்று கேட்டோம். பேச ஆள் இல்லை என்பார், அழுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனோம். “கேஸ் ரெகுலேட்டரைத் திருக முடியலப்பா, விரல் மடங்க மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருக்கு” என்றார். குமிழில் மாட்டித் திருப்ப ஒரு சின்ன நெம்புகோல் செய்தோம். முதலில் செய்தது வழுக்கியது. இரண்டாவதைப் பார்த்துவிட்டு, “கைப்பிடி இன்னும் கொஞ்சம் தடியா இருக்கணும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்றாவதுதான் பாஸ்!

புராஜெக்ட் எக்ஸிபிஷனில் எங்களுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. பக்கத்து மேஜையில் கண்ணைச் சிமிட்டும் ரோபோ ஒன்று இருந்தது, கூட்டமெல்லாம் அங்கேதான். நண்பர்களே, நாளைக்கு நம்மில் பலர் வடிவமைப்பு வேலைக்குப் போவோம். படத்தைப் பார்த்து வரைய ஆரம்பிப்பதற்கு முன்னால், ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை